ஒரே டேபிள், நாலு கிளாஸ்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதிதான்: ஃபீல்டுகள் (டேபிளின் பத்திகள்) பொது, கிளாஸ்கள் (புரோகிராமில் ஒவ்வொரு வகைக்கும் எழுதும் அச்சு) வேறு, டேபிளை எப்படி வைப்பது? எந்த டேட்டாபேஸ், எந்த வெர்ஷன் என்று எழுதியவர்கள் ஓரிருவர்தான். மற்றவர்களுக்கு நானாக ஒன்றை வைத்துக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறேன்.

நிட்டிங், டையிங், பிரிண்டிங், காம்பாக்டிங் என்று நான்கு துணி வேலைக்கும் சலான் போடுகிறோம். நம்பர், தேதி, பார்ட்டி, கிலோ எல்லாம் பொது. நான்கு டேபிளிலும் அதையே திரும்ப எழுத வேண்டுங்களா? புரோகிராம் ஜாங்கோவில் (பைத்தான் மொழிக் கட்டமைப்பு). (திருப்பூர்)

முதலாளி என்ன ரிப்போர்ட் கேட்பார் என்று பாருங்கள். ‘இந்தப் பார்ட்டியிடம் நம் சரக்கு மொத்தம் எத்தனை கிலோ நிற்கிறது?’ என்று எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்பவர் என்றால் ஒரே டேபிள், அதில் ‘வகை’ என்று ஒரு ஃபீல்டு, மேலே நான்கு ப்ராக்ஸி மாடல் (தனி டேபிள் இல்லாத கிளாஸ்). அப்படிக் கேட்கவே மாட்டார் என்றால் நான்கு டேபிள். பொது ஃபீல்டுகளை ஓர் அடிப்படை கிளாஸில் எழுதி, அதன் மெட்டாவில் (கிளாஸுக்குள் அமைப்புகளை எழுதும் பகுதி) ‘அப்ஸ்ட்ராக்ட்’ (தனக்கென டேபிள் வேண்டாம்) போடுங்கள். எழுதுவது ஒரு தடவை, டேபிள் தனித்தனி. அந்த ஒரு வரியை மறந்தால் அடிப்படை கிளாஸுக்கும் ஒரு டேபிள் முளைத்து, சலானை எடுக்கும்போதெல்லாம் ஜாயின் (இரண்டு டேபிளைச் சேர்த்துப் படிப்பது) ஓடும். மைக்ரேஷனுக்கு (டேபிள் அமைப்பை மாற்றுவதற்கு) முன் பேக்கப்.

விரலி மஞ்சளுக்கும் கிழங்கு மஞ்சளுக்கும் தனித்தனி கிளாஸ் வேண்டுமா? (ஈரோடு)

வேண்டாம். ரகம் என்று ஒரு ஃபீல்டு போதும்.

ஒரே டேபிளில் தேங்காய், கொப்பரை, இளநீர் எல்லாம் போட்டதில் பாதி ஃபீல்டு ‘நல்’ (NULL) என்று காலியாகக் கிடக்கிறது. இடம் வீணாகாதா? (பொள்ளாச்சி)

எந்த டேட்டாபேஸ் தம்பி? போஸ்ட்கிரெஸ் என்றால், ஒரு ‘நல்’ மதிப்புக்கு ஒரு பிட்தான் செலவு. இடத்துக்காகக் கவலைப்பட வேண்டாம். கவலைப்பட வேண்டியது எதற்கு என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

வகைக்கு எந்த ஃபீல்டு கட்டாயம் என்பதையெல்லாம் எங்கள் புரோகிராம் கோடிலேயே பார்த்துக்கொள்கிறோம். டேபிளில் ‘செக்’ (தப்பான ரெக்கார்டைத் தடுக்கும் விதி) எதற்கு? (கரூர்)

இதே கேள்வி வேறு வேறு உருவில் வந்துகொண்டேதான் இருக்கிறது. இன்றைக்கு டேபிளைத் தொடுவது உங்கள் கோடு மட்டும்தான், சரி. நாளைக்கு மொபைல் ஆப் வரும். அடுத்து யாரோ எக்ஸெலை நேராக ஏற்றுவார்கள். அப்புறம் ராத்திரி அவசரத்தில் ஒருவர் கையாலேயே அப்டேட் ஓட்டுவார். இவர்களில் ஒருவரும் உங்கள் கோடு வழியாக வர மாட்டார்கள்.

டேபிளைப் பல வகைகள் பங்குபோடும்போது ஆபத்து இன்னும் கூடுதல். டையிங்குக்கு நிறம் கட்டாயம். ஆனால் நிட்டிங்குக்கு நிறமே கிடையாது என்பதால் அந்த ஃபீல்டுக்கு ‘நாட் நல்’ (காலியாக விடக் கூடாது) போட முடியாது. கதவு திறந்தே கிடக்கும். ஓர் இடத்தில் பார்த்தேன், நிறமே இல்லாத டையிங் சலான்கள் நூற்றுக்கணக்கில். என்ன நிறத்தில் துணி கொடுத்தோம் என்று டையிங்காரருக்கே போன் போட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

செக் விதி இதுதான்: வகை டையிங்காக இல்லாமல் இருக்க வேண்டும், அல்லது நிறம் நிரம்பியிருக்க வேண்டும். நிட்டிங் சலானில் நிறம் வரக் கூடாது என்பதற்கும் இன்னொன்று எழுதுங்கள். அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். இன்னொரு ஓட்டை: செக்கின் விடை ‘நல்’ என்று வந்தால் டேட்டாபேஸ் அதைத் தேர்ச்சி என்றே எடுத்துக்கொள்ளும். வகை காலியாக இருந்தால் உங்கள் விதி அத்தனையும் வீண். அதனால் ‘வகை’க்கு நாட் நல் கட்டாயம். டீஃபால்ட்டாக நிட்டிங் என்று வைத்துவிடவும் வேண்டாம். மறந்ததெல்லாம் நிட்டிங் கணக்கில் போய் விழும்.

பழைய ரெக்கார்டுகள் குப்பையாக இருந்தால் போஸ்ட்கிரெஸில் ‘நாட் வேலிட்’ என்று சேர்த்து செக் போடலாம். புதிதாக வருவதை உடனே தடுக்கும், பழையதைத் துப்புரவு செய்தபின் ‘வேலிடேட்’ ஓட்டலாம். மைஎஸ்க்யூஎல்காரர்கள் வெர்ஷனைப் பாருங்கள். 2019-இல் வந்த 8.0.16-க்கு முந்தையது என்றால் செக்கை வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளும், ஒன்றையும் தடுக்காது. எதைச் செய்தாலும் பேக்கப் எடுத்துவிட்டு.

ரெயில்ஸில் (ரூபி மொழிக் கட்டமைப்பு) ‘டைப்’ என்று ஒரு ஃபீல்டு வைத்தேன். ரெக்கார்டை எடுத்தாலே எர்ரர். (நாமக்கல்)

அந்தப் பெயர் ரெயில்ஸுக்குச் சொந்தம் அம்மிணி. அதில் இருப்பதைக் கிளாஸ் பெயர் என்று நினைத்துத் தேடுகிறது. ஃபீல்டின் பெயரை மாற்றுங்கள். முடியாவிட்டால் ‘இன்ஹெரிடன்ஸ் காலம்’ (inheritance_column) அமைப்பில் வேறு பெயர் கொடுங்கள். வேண்டுமென்றே ஒரே டேபிளில் பல கிளாஸ் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று: கிளாஸ் பெயரை மாற்றினால் ரெக்கார்டுகளில் பழைய பெயரே இருக்கும். அதையும் கையோடு மாற்ற வேண்டும். முன்னால் பேக்கப்.

கோடு இணைத்துள்ளேன், சரியா என்று பார்க்கவும். (உடுமலை)

வந்தது ஸ்க்ரீனை மொபைலில் எடுத்த படம். பாதி இருட்டு, மீதியில் உங்கள் கட்டைவிரல். எழுத்தாக அனுப்புங்கள்.

போஸ்ட்கிரெஸிலேயே ‘இன்ஹெரிட்ஸ்’ (தாய் டேபிளின் அமைப்பைப் பிள்ளை டேபிள் பெறுவது) இருக்கிறதே, அதைப் போட்டோம். ஒரே சலான் நம்பர் இரண்டு தடவை வருகிறது. (கோவை)

வரத்தான் செய்யும். பிரைமரி கீயும் யூனிக்கும் (ஒரே மதிப்பு இரண்டு தடவை வராமல் தடுப்பவை) தாய் டேபிளிலிருந்து பிள்ளை டேபிளுக்கு இறங்காது. தாயைக் காட்டும் ஃபாரின் கீக்கு (இன்னொரு டேபிளிலிருந்து வரும் இணைப்புக்கு) பிள்ளையில் இருக்கும் ரெக்கார்டு தெரியவும் தெரியாது. உங்களுக்கு வேண்டியது அமைப்பின் நகல் மட்டும் என்றால் ‘லைக்... இன்க்ளூடிங் ஆல்’ போதும். இன்டெக்ஸ், செக் எல்லாம் வரும், ஃபாரின் கீ வராது, அதைத் தனியாகப் போட வேண்டும். பிற்பாடு மூல டேபிளில் செய்யும் மாற்றமும் நகலுக்குப் போகாது. ஐடி ‘சீரியல்’ என்றால் இரண்டு டேபிளும் ஒரே சீக்வென்ஸிலிருந்து (வரிசையாக எண் வழங்குவது) எண் எடுக்கும், ‘ஐடென்டிட்டி’ என்றால் தனித்தனி.