அடைப்புக்குறிக்குள் ஒரு பெண்

கேள்வி: எனக்கு 29 வயது. கல்லூரியில் உடன் படித்த பெண்ணை இன்றுவரை மனத்துக்குள்ளேயே நேசிக்கிறேன், அவளிடம் சொன்னதில்லை. அண்மையில் மகோடோ ஷின்காயின் ‘வினாடிக்கு 5 சென்டிமீட்டர்’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படத்தைப் பார்த்து அழுதுவிட்டேன். சிறு வயதில் நேசித்துப் பிரிந்த தகாகியும் அகாரியும் கடைசியில் ரயில்வே கேட்டில் ஒருவரையொருவர் கடந்து போகிறார்கள். ரயில்கள் போன பிறகு அவள் அங்கே இல்லை. அவன் புன்னகைக்கிறான். அந்த ரயில் விதியின் குறியீடா? செர்ரி இதழ்கள் எதைச் சொல்கின்றன? என் காதலுக்கும் இதுதான் முடிவா? (வீட்டில் ஒரு பெண்ணைப் பேசி முடித்திருக்கிறார்கள். ஆவணியில் நிச்சயதார்த்தம். அவள் தினமும் இரவு செய்தி அனுப்புகிறாள், நானும் ஏதோ பதில் போடுகிறேன். அது வேறு விஷயம்.)
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், ஈரோடு

பதில்: உங்கள் கடிதத்தைச் சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறோம். முழுக் கடிதத்தில் இதழ்களுக்கு ஒரு பக்கம், ரயிலுக்கு ஒரு பக்கம். அகாரியின் பெயர் பத்திக்குப் பத்தி வருகிறது. ஆவணியில் உங்களோடு நிச்சயமாகப் போகிற பெண்ணுக்கு அடைப்புக்குறிக்குள் மூன்று வரி. அவளுக்குப் பெயர்கூட இல்லை. ‘அது வேறு விஷயம்’ என்று மூடிவிட்டீர்கள். தம்பி, எனக்கு அதுதான் விஷயம்.

2007இல் வந்த அந்தப் படம் ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். மூன்று பகுதிகள். முதல் பகுதியையும் கடைசிப் பகுதியையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். நடுவில் வரும் கனாயேவை எங்கே விட்டீர்கள்? ராக்கெட் ஏவுதளம் இருக்கும் தனேகஷிமா தீவில் தகாகியோடு படிக்கும் பெண் அவள். பள்ளி விட்டதும் அவன் வரும்வரை காத்திருந்து, தற்செயலாகப் பார்த்ததுபோல் சேர்ந்துகொண்டு வீட்டுக்குப் போவாள். அவன் கைப்பேசியில் எதையோ தட்டிக்கொண்டிருப்பான். அந்தச் செய்தி தனக்கு வரக்கூடாதா என்று அவள் ஏங்குவாள். அது யாருக்குமே போவதில்லை. எழுதி எழுதி அழித்துவிடுகிறான். கடல் அலைமேல் பலகையில் எழுந்து நின்றுவிட்டால் சொல்லிவிடலாம் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, ஒருநாள் நின்றும்விடுகிறாள். அன்று மாலை வீடு திரும்பும் வழியில் அழுகை முட்டிக்கொண்டு வருகிறது. அவன் பரிவோடு விசாரிக்கிறான். இனி என்னிடம் அன்பாக இருக்காதே என்று உள்ளுக்குள் மன்றாடுகிறாள். அப்போதுதான் ராக்கெட் கிளம்புகிறது. அதன் புகைத்தடம் வானத்தை இரண்டாக வகுந்துவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் இவன் எப்போதும் தன்னைத் தாண்டி எங்கோ தொலைவில் பார்க்கிறான் என்பது அவளுக்கு விளங்கிவிடுகிறது. சொல்லாமலே விட்டுவிடுகிறாள்.

குறியீடு தேடுகிற உங்கள் கண்ணுக்கு அந்த ராக்கெட் படவில்லை. படாது. அதைப் பார்த்தால், நீங்கள் தகாகிக்காக அழுதிருக்க முடியாது, அவன்மீது கோபப்பட்டிருப்பீர்கள். மூன்றாம் பகுதியிலும் ஒருத்தி வருகிறாள். அவனோடு மூன்று ஆண்டுகள் பழகியவள். ஆயிரம் முறை செய்தி பரிமாறியும் நம் மனங்கள் ஒரு சென்டிமீட்டர்தான் நெருங்கியிருக்கும் என்று எழுதிவிட்டு விலகுகிறாள். தினமும் இரவு உங்களுக்குச் செய்தி அனுப்புகிறவளை அந்த இடத்தில்தான் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

உங்கள் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். ரயில் விதி இல்லை. அகாரி வேறொருவரை மணக்கப் போகிறவள்; தன் வழியில் போனாள். அவனும் காத்து நிற்காமல் திரும்பி நடக்கிறான். புன்னகையின் பொருள் அவ்வளவுதான். இதழ்களைவிட எனக்கு முதல் பகுதியில் வரும் சோற்றுப் பொட்டலம் பெரிது. அகாரியைப் பார்க்கத் தகாகி வரும் ரயில் பனியில் மணிக்கணக்காகத் தாமதமாகிறது. இவாஃபுனே நிலையத்தில் அந்தச் சிறுமி தன் கையால் சமைத்துக் கட்டி வந்த சாப்பாட்டோடு நள்ளிரவை நெருங்கும்வரை உட்கார்ந்திருக்கிறாள். அவர்களுக்கு நடுவில் அப்படி ஒன்று நடந்தது. உங்களுக்கும் அந்தக் கல்லூரித் தோழிக்கும் நடுவில் என்ன நடந்தது? நீங்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவள் மறுக்கவும் இல்லை. இதற்கு விதியைக் கூப்பிடாதீர்கள்.

கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும் என்று உங்களிடம் பலர் சொல்வார்கள். அப்படிச் சொல்லிக் கட்டிவைக்கப்பட்டவர்களின் மனைவிகள் எனக்குக் கடிதம் எழுதுகிறார்கள். ‘அவர் நல்லவர்தான், ஆனால் வீட்டில் இருந்தும் இல்லாததுபோல் இருக்கிறார்’ என்று. குடும்பக் கடமையில் எனக்கு அழுத்தமான நம்பிக்கை உண்டு. பெற்றோர் கைகாட்டிய பெண்ணை மணந்து மதிப்பாக வாழ்வதை ஒருநாளும் குறைவாகப் பேசமாட்டேன். ஆனால் அம்மாவின் மனம் நோகக்கூடாது என்பதற்காக இன்னொரு தாயின் மகளைப் பலி கொடுப்பதைக் கடமை என்று சொன்னால் ஒப்பமாட்டேன். அது கோழைத்தனம்.

இன்று இரவே அவள் இதுவரை அனுப்பிய செய்திகளை முதலிலிருந்து படியுங்கள். எந்தெந்தக் கேள்விக்கு ‘ம்’ என்று மட்டும் பதில் போட்டீர்கள் என்று பாருங்கள். பிறகு நேரில் பார்த்து, இப்படி ஒருத்தியை ஒருதலையாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்று உங்கள் வாயால் சொல்லுங்கள். அந்த நினைப்பை விட முடியும் என்றால் அதையும் சொல்லி, முடிவை அவளிடம் விடுங்கள். விட முடியாது என்றால், உங்கள் அம்மாவிடம் முதலில் பேசி, அவர் கோபத்தை நீங்களே வாங்கிக்கொண்டு, அவரையும் அழைத்துக்கொண்டு பெண் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேளுங்கள். தரகரை அனுப்பாதீர்கள். பெண்ணிடம் குறை என்று ஊர் பேச இடம் கொடுக்காமல், தவறு என்னுடையது என்று அவள் அப்பாவிடம் தெளிவாகச் சொல்லுங்கள். எதுவானாலும், அவர்கள் மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்குள் செய்யுங்கள்.