எஃப்.ஐ.ஆர், குற்றப்பத்திரிகை, குற்றச்சாட்டு: மூன்றும் ஒன்றல்ல

கேள்வி: அடிதடி வழக்கு ஒன்றில் என் தம்பியின் பெயரை எஃப்.ஐ.ஆரில் சேர்த்திருக்கிறார்கள். விரைவில் சார்ஜ் ஷீட் போட்டுவிடுவோம் என்று காவல் நிலையத்தில் சொல்கிறார்கள். அப்படியென்றால் குற்றம் உறுதியாகிவிட்டதா? அவனுக்கு என்னென்ன உரிமைகள் உண்டு?

நான் வழக்கறிஞன் அல்லன். வரப்புத் தகராறு ஒன்றில் மூன்றாம் எதிரியாகச் சேர்க்கப்பட்டு, ஐந்தரை ஆண்டுகள் நடுவர் (மாஜிஸ்திரேட்) நீதிமன்றத்துக்கு அலைந்து, விடுதலை பெற்றவன். நம் நீதிமன்றங்களில் குற்றம் சாட்டப்பட்டவருக்கு 'எதிரி' என்றே பெயர். முதல் வாய்தாவில் நீதிமன்ற ஊழியரான டவாலி அப்படிக் கூப்பிட்டபோது, தீர்ப்பே எழுதிவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன். உங்கள் கேள்வியில் இருப்பதும் அதே பயம்தான்.

குற்றம் உறுதியாகவில்லை. முதல் தகவல் அறிக்கை (எஃப்.ஐ.ஆர்) என்பது, குற்றம் நடந்ததாக ஒருவர் சொன்னதைக் காவல் நிலையம் எழுதிப் பதிவுசெய்த தாள், அவ்வளவே. குற்றப்பத்திரிகை (சார்ஜ் ஷீட்) என்பது, புலன் விசாரணை முடித்த அதிகாரி நீதிமன்றத்துக்கு அனுப்பும் அறிக்கை. அதில் இருப்பது காவல்துறையின் கருத்து. அந்த அறிக்கையையும் ஆவணங்களையும் பார்த்த பிறகு, வழக்கு நடத்த முகாந்திரம் இருப்பதாக நடுவர் கருதினால் மட்டுமே, இன்ன நாளில் இன்ன இடத்தில் இன்ன செயலைச் செய்தீர் என்று பிரிவு எண்ணோடு குற்றச்சாட்டை (சார்ஜ்) வனைவார், அதாவது முறைப்படி எழுதுவார். சார்ஜ் ஷீட், சார்ஜ் இரண்டையும் பேச்சுவழக்கில் 'சார்ஜ்' என்றே சொல்வதால்தான் இவ்வளவு குழப்பம்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நியாய சன்ஹிதாவும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும் நடைமுறையில் உள்ளன. என் வழக்கு பழைய சட்டத்தில் நடந்தது. உங்கள் தம்பிக்குப் பொருந்தும் புதிய எண்களையே இங்கே தருகிறேன். சாதாரண அடிதடி வழக்கென்றால் நியாய சன்ஹிதாவின் 296(பி), 115(2), 118(1), 351(3) என்று ஒரு வரிசையைப் பெரும்பாலும் பார்க்கலாம். ஆபாசமாகத் திட்டியது, காயப்படுத்தியது, ஆயுதத்தால் காயப்படுத்தியது, கொலை மிரட்டல் விடுத்தது என்று அதற்குப் பொருள். இவற்றில் மிக அதிகமான தண்டனையே ஏழு ஆண்டுகள்தான்.

அந்த ஏழு ஆண்டு என்ற அளவு உங்களுக்கு முக்கியம். ஏழாண்டு வரை தண்டனை உள்ள வழக்குகளில் இயந்திரத்தனமாகக் கைது செய்யக் கூடாது என்று 2014-இல் அர்னேஷ் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. கைது தேவையில்லை என்றால் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 35(3)-இன் கீழ் நேரில் வரும்படி அறிவிப்பு கொடுக்க வேண்டும். அதற்குக் கீழ்ப்படிந்து வருபவரைக் கைது செய்யவேண்டுமானால் அதற்கான காரணத்தை அதிகாரி எழுதிவைக்க வேண்டும். விசாரணையின்போது, முழு நேரமும் இல்லாவிட்டாலும், வழக்கறிஞரைச் சந்திக்கும் உரிமை கைதானவருக்கு உண்டு. தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல எவரையும் கட்டாயப்படுத்த முடியாது என்பது அரசமைப்பின் 20(3) பிரிவு. காவல் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை அவருக்கு எதிரான சாட்சியமாக்க முடியாது. ஆனால் அவர் சொன்னதை வைத்து ஒரு பொருளைக் கண்டெடுத்தால், அதற்குக் காரணமான அந்தப் பகுதி மட்டும் செல்லும். விசாரணையில் சொல்வதை எழுதி அதில் கையெழுத்துக் கேட்கவும் சட்டத்தில் இடமில்லை. இது தெரியாமல் நான் இரண்டு வெள்ளைத் தாள்களில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், அதுவும் நன்றி சொல்லிவிட்டு.

ஒருவேளை கைது நடந்தால், அதற்கான காரணத்தை அவருக்குப் புரியும்படி தெரிவித்தாக வேண்டும். தவறினால் கைதே செல்லாது என்று 2025-இல் விகான் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. குடும்பத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். அடி விழுந்திருந்தால் அதைச் சொல்லவேண்டிய இடம் அந்த நடுவரின் முன்புதான். சிறைக்குப் போன பிறகு சொன்னால் நம்புவது கடினம். ரிமாண்ட் ஆன நாளிலிருந்து 60 நாட்களுக்குள் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லை என்றால் பிணை கேட்பது உரிமையாகிவிடும் (மரண தண்டனை, ஆயுள், பத்தாண்டோ அதற்கு மேலோ தண்டனை உள்ள வழக்குகளில் 90 நாட்கள்). குற்றப்பத்திரிகை வந்து சேர்வதற்கு முன்பே அந்த மனு போடப்பட்டிருக்க வேண்டும்.

குற்றப்பத்திரிகை தாக்கலான பிறகு, சாட்சிகளின் வாக்குமூலம் உட்பட எல்லா ஆவணங்களின் நகலையும் இலவசமாகத் தர வேண்டும். அதை வழக்கறிஞரிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்துவிடாமல் நீங்களும் ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். என் வழக்கில் மூன்று சாட்சிகளின் வாக்குமூலங்களும் ஒரே சொற்களில், ஒரே எழுத்துப் பிழையோடு இருந்ததைக் கண்டுபிடித்தவர் என் அக்கா; குறுக்கு விசாரணையில் அதுதான் பெரிதும் கைகொடுத்தது. முகாந்திரமே இல்லையென்றால், நகல் கிடைத்த நாளிலிருந்து 60 நாட்களுக்குள் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 262-இன்படி விடுவிப்பு மனு போடலாம்.

குற்றச்சாட்டு வனையும் நாள்தான் பலரும் ஏமாறும் நாள். நடுவர் குற்றச்சாட்டைப் படித்துக் காட்டி, ஒப்புக்கொள்கிறீரா, வழக்கை நடத்துகிறீரா என்று கேட்பார். அதற்கு முன்பே வராந்தாவில் யாராவது வந்து, "ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிடுங்க, எதுக்கு அலையுறீங்க" என்று சொல்வார்கள். என் சித்தப்பா மகன் நான்காம் எதிரி. ஒரு நாள் கூலி போகிறதே என்று ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டிவிட்டு அன்றே வீடு திரும்பினான். கட்டியது அபராதம்தான் என்றாலும் சட்டத்தின் கண்ணில் அது தண்டனை பெற்ற வழக்கு. பின்னாளில் அரசு வேலை ஒன்றுக்குத் தேர்வாகி, காவல்துறைச் சரிபார்ப்பு வந்தபோதுதான் அவனுக்கு அது புரிந்தது. வழக்கை நடத்திய நாங்கள் மூவரும் விடுதலையானோம். அலைச்சலுக்குப் பயந்து உங்கள் தம்பி அந்த ஒரு சொல்லைச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

விசாரணையில் குற்றத்தை நிரூபிக்கும் பொறுப்பு அரசுத் தரப்புடையது. சாட்சிகள் முடிந்ததும் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 351-இன் கீழ் நடுவர் எதிரியிடமே கேள்வி கேட்பார். அதற்குச் சத்தியப் பிரமாணம் இல்லை, பதில் சொல்ல மறுத்ததற்காகத் தண்டிக்கவும் முடியாது. இரு தரப்பும் சமரசமானால் உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கேட்கும் வழியும் இருக்கிறது.

வழக்கறிஞருக்குப் பணம் இல்லையென்றால், நீதிமன்ற வளாகத்திலேயே இயங்கும் சட்டப் பணிகள் குழுவுக்குச் செல்லுங்கள். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். காவலில் இருப்பவர், பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது.

இந்த வாரம் செய்யவேண்டியது இரண்டு. காவல்துறை இணையதளத்திலிருந்து எஃப்.ஐ.ஆரின் நகலை எடுத்து, எந்தெந்தப் பிரிவுகள் என்று பாருங்கள். ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி அடுத்த முறை தொலைபேசியில் கூப்பிட்டால், "35(3) அறிவிப்பு கொடுங்கள் ஐயா, கட்டாயம் வருகிறேன்" என்று தம்பியைப் பணிவாகக் கேட்கச் சொல்லுங்கள்.