நாக்கு போடும் விலை

அன்புள்ள ஐயா,

கோத்தகிரிப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் தேயிலை இருக்கிறது. மழையிலும் பனியிலும் கொழுந்து பறிப்பது நாங்கள். குன்னூரில் யாரோ ஒருவர் தேநீரை உறிஞ்சித் துப்பிவிட்டு மதிப்புச் சொல்கிறார். கடைசியில் எங்கள் இலை விலை அதில் போய் நிற்கிறது. ஒருவர் நாக்குக்கு இவ்வளவு அதிகாரமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் அந்த நாக்குக்காரர், அதாவது ஏலத்துக்கு வரும் தேயிலைத் தூளைச் சுவைத்து மதிப்புப் போடுபவர், தனக்குப் பிடித்ததைச் சொல்லும் ஆள் இல்லை. சர்வதேச முறைப்படி 100 மில்லி கொதிநீருக்கு 2 கிராம் தூள், மூடிய பாத்திரத்தில் 6 நிமிடம். சாற்றைக் கிண்ணத்தில் வடித்துவிட்டு, சக்கையை மூடிமேல் கவிழ்த்து அதையும் பார்ப்பார்கள். சர்க்கரை கிடையாது. (நம் வீட்டு டீ முதல் சுற்றிலேயே தோற்றுவிடும்.) இலை சரியாக வாடவில்லையா, அதிகம் புளித்துவிட்டதா, டிரையரில் சூடு ஏறிக் கருகியதா என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும்.

அவருக்கும் பரீட்சை உண்டு. 1963-இல் தொடங்கிய குன்னூர் ஏலத்தில் வாராவாரம் அவர் போட்ட மதிப்பும் சரக்கு போன விலையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். தொடர்ந்து தப்பாகச் சொல்பவரை யார் நம்புவார்கள்? இலக்கிய விமர்சகர்களுக்கு இப்படி ஓர் ஏல நாள் இல்லாதது அவர்கள் அதிர்ஷ்டம்.

ஆனால் அந்தக் கிண்ணத்தில் உங்கள் தோட்டம் தனியாக இல்லை. தொழிற்சாலைக்குள் போனதும் உங்கள் கொழுந்து ஊரார் கொழுந்தோடு கலந்துவிடுகிறது. தேயிலை வாரியம் பச்சை இலைக்கு மாதாமாதம் அறிவிக்கும் குறைந்தபட்ச விலையும் ஏலச் சராசரியிலிருந்து, விவசாயிக்கு 65 பங்கு, தொழிற்சாலைக்கு 35 பங்கு என்ற கணக்கில் வருவதுதான். இரண்டு இலை ஒரு மொட்டு என்று பார்த்துப் பறித்தவருக்கும், முற்றிய இலையோடு கத்தரியால் வெட்டிக் கொண்டுவந்தவருக்கும் பெரும்பாலும் ஒரே விலை. ஆள் கிடைக்காத ஊரில் கத்தரி எடுத்தவரைக் குறை சொல்லவும் முடியாது, அது வேறு கதை.

இலை நிறுக்கும் இடத்தில் தராசு இருக்கிறது, ஈரத்துக்கு எடை கழிப்பவர் இருக்கிறார். கொழுந்தைப் பார்த்துத் தரம் சொல்லத்தான் ஆள் இல்லை. நானாக இருந்தால் சண்டையை அங்கேதான் போடுவேன். ஒவ்வொருவர் மூட்டையிலிருந்தும் ஒரு கைப்பிடி எடுத்து, நல்ல கொழுந்து எத்தனை சதவீதம் என்று எண்ணி, அதற்கேற்றபடி விலை தரச் சொல்லிக் கேளுங்கள். எண்ணும்போது நீங்களும் பக்கத்தில் நில்லுங்கள்.