சொல் அரங்கம்: 'சீடெட்' ஏரியா என்றால் என்ன?

கேள்வி: தெலுங்குப் பட வசூலை நைஜாம், ஆந்திரா, சீடெட் என்று பிரித்துச் சொல்கிறார்கள். சித்தூர், திருப்பதி எல்லாம் 'சீடெட்'டில் வருமாம். அது என்ன ஊர்? (வாசகர், காட்பாடி)

பதில்: ஊரே இல்லை, ஆங்கில வினைச்சொல். மூலச்சொல் 'சீட்': சி, ஈ, டி, ஈ என நான்கு எழுத்து. விதைக்கான ஆங்கிலச் சொல்லைப் போலவே ஒலிக்கும். கையில் இருக்கும் நிலத்தையோ அதிகாரத்தையோ முறைப்படி இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பது என்று பொருள். 'சீடெட்' என்றால் அப்படி விட்டுக்கொடுக்கப்பட்டது.

கொடுத்தவர் ஹைதராபாத் நிஜாம். 1792, 1799 மைசூர்ப் போர்களின் முடிவில் திப்புவின் நாட்டிலிருந்து அவருக்குப் பங்கு கிடைத்தது. தம் நாட்டில் நிறுத்தியிருந்த கிழக்கிந்தியக் கம்பெனிப் படையின் செலவுக்கு ஈடாக, அந்த நிலத்தை 1800 அக்டோபரில் கம்பெனிக்கே எழுதிக்கொடுத்துவிட்டார். பெல்லாரி, அனந்தபூர், கடப்பா சீமைகள் அப்படித்தான் கைமாறின. தாமஸ் மன்றோ 1807 வரை அங்கே கலெக்டராக இருந்தார்.

கறாராகப் பார்த்தால் சித்தூர் நகரம் இதில் சேராது. அது ஆற்காட்டு நவாபின் சீமை. 1801 உடன்படிக்கையில்தான் கம்பெனி ஆட்சிக்குப் போனது. 1911 வரை நம் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகரமே சித்தூர்தான். அந்த ஆண்டு அது தனி மாவட்டமானபோது கடப்பாவிலிருந்து மதனப்பள்ளி, வாயல்பாடு தாலுகாக்களை இணைத்தார்கள். சித்தூர் மாவட்டத்தில் அசல் 'சீடெட்' அந்த இரண்டும்தான். சினிமா வியாபாரத்தில் ராயலசீமை முழுவதற்குமே அந்தப் பெயர் நிலைத்துவிட்டது.

லத்தீனில் 'கேதெரே' என்றால் போதல், விலகுதல். அதிலிருந்தே இந்த ஆங்கிலச் சொல் வந்தது. பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பதற்கு இந்தச் சொல்லைப் போடாதீர்கள், பொருந்தாது. நாடு, உரிமை, கட்டுப்பாடு போன்றவற்றுக்கே இது வரும். 'சிசீட்' என்பதோடும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆள்பவர் ஒரு பகுதியைக் கொடுத்தால் 'சீட்'. அந்தப் பகுதியே பிரிந்து போனால் 'சிசீட்'.

கேள்வி: 'சீட்' என்று முடியும் சொற்களில் என் மகளுக்கு ஸ்பெல்லிங் தடுமாறுகிறது. வழி உண்டா? (வாசகி, ஆம்பூர்)

பதில்: உண்டு. 'எக்ஸீட்', 'ப்ரொசீட்', 'சக்சீட்' மூன்றில் மட்டும் இரண்டு 'ஈ' அடுத்தடுத்து வரும். 'சூப்பர்சீட்' ஒன்றில் மட்டும் 'சி'க்குப் பதில் 'எஸ்'. அதன் வேர் உட்காருதல் என்ற வேறு லத்தீன் சொல். 'கன்சீட்', 'ரிசீட்', 'ப்ரிசீட்', 'சிசீட்' எல்லாம் மேலே சொன்ன நான்கு எழுத்திலேயே முடியும். 'ப்ரொசீட்'டை இரண்டு 'ஈ' போட்டு எழுதினாலும் 'ப்ரொசீஜர்' என்று வரும்போது ஒன்று போய்விடும். பெரும்பாலும் சறுக்குவது அங்கேதான்.