வைத்தியரைக் கேளுங்கள்: கீமோவும் கறுத்த நகங்களும்

கேள்வி: மார்பகப் புற்றுநோய்க்காக என் அம்மா மூன்று வாரங்களுக்கு ஒருமுறை தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்குப் போய் டொசிடக்செல் என்ற கீமோ மருந்தை ஏற்றி வருகிறார். கைநகங்கள் கறுத்து, குறுக்கே கோடு விழுந்து, இரண்டு விரல்களில் நகம் கிளம்பியும் நிற்கிறது. நகச்சுற்றுத்தான், எலுமிச்சம்பழத்தைத் துளைத்து விரலில் செருகுங்கள் என்கிறார்கள் அயலவர்கள். செய்யலாமா? அம்மாவோ கச்சான் பிடுங்கப் போகவேண்டும் என்று நிற்கிறார்.
வாசகி, ஒட்டுசுட்டான்

பதில்: எலுமிச்சம்பழம் வேண்டாம். நகம் கிளம்பிய இடம் தோலில்லாத புண்ணைப் போன்றது. அதில் புளிப்புப் பட்டால் எரிவதோடு, பழத்துக்குள் நாள் முழுவதும் ஈரத்தில் ஊறும் விரலில் கிருமி எளிதாகப் புகும். மருந்து ஏற்றி ஒன்றிரண்டு வாரங்களில் கிருமியை எதிர்க்கும் வெண்குருதிக் கலங்கள் குறைந்திருப்பதால், மற்றவர்களுக்குத் தானாக ஆறும் நகச்சுற்றுக்கூட அம்மாவுக்கு ஆபத்தாகலாம்.

வேகமாகப் பெருகும் கலங்களைத் தாக்குவதே இம்மருந்தின் வேலை. நகவேரின் கலங்களும் அத்தகையவை என்பதால், ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் வளர்ச்சி தடைப்பட்டு, அது பின்னர் குறுக்குக் கோடாகத் தெரிகிறது. சிலருக்கு அக்கோடுகளை எண்ணியே எத்தனை முறை ஏற்றினார்கள் என்று சொல்லிவிடலாம்.

கிளம்பிய நகத்தைப் பிடுங்காமல், சேலையிலோ கடகத்திலோ மாட்டாதவாறு நகவெட்டியால் கட்டையாக வெட்டிவிடுங்கள். அடியிலுள்ள அழுக்கை ஈர்க்கினால் கிண்டுவதும் ஓரத்தோலை வெட்டுவதும் கூடாது. பாத்திரம் கழுவும்போது பருத்திக் கையுறைக்கு மேல் இறப்பர் கையுறை அணிந்து, பிறகு கையை ஒற்றித் துடைத்துத் தேங்காய் எண்ணெய் பூசினால் போதும். மருதோண்டி கறுப்பை மறைப்பதோடு சீழையும் மறைத்துவிடும் என்பதால் இப்போதைக்கு வேண்டாம்; பைக்கற்றில் வரும் கறுப்பு மருதோண்டி எப்போதுமே வேண்டாம்.

மருந்து ஏறும்போது குளிரூட்டிய கையுறை அணிவது நகப் பாதிப்பைக் குறைக்கும். அந்த வசதி உண்டா என்று அடுத்த முறை கிளினிக்கில் கேளுங்கள். பனிக்கட்டியை நீங்களாக வெறுங்கையில் வைக்காதீர்கள்.

விரல் வீங்கித் தெறித்து வலித்தாலோ, சீழ் கட்டினாலோ, காய்ச்சல் 38 பாகை செல்சியசை எட்டினாலோ, தெல்லிப்பழை தூரம், அடுத்த கிளினிக் வரட்டும் என்று பனடோலோடு இரவைக் கடத்தாமல், கிளினிக் கொப்பியுடன் கிட்டிய வைத்தியசாலைக்கு உடனே போய், கீமோ ஏற்றுபவர் என்பதை முதலில் சொல்லுங்கள்.

சிகிச்சை முடிந்தபின் கைநகம் முழுதாக வளர ஏறத்தாழ 6 மாதங்களும், கால்நகம் வளர 12 முதல் 18 மாதங்களும் எடுக்கும். கச்சானை இந்தப் போகம் மற்றவர்கள் பிடுங்கட்டும். அம்மா செருப்போடு வரம்பில் நின்று மேற்பார்க்கலாம்.