முட்டை பொரிக்கவில்லையா? கேளுங்கள், சொல்கிறேன்

அண்ணே, விசிறி வைத்த இன்குபேட்டர் (முட்டை பொரிக்கும் பெட்டி), 37.5 டிகிரி, தண்ணீர்த் தட்டைக் காயவே விடவில்லை. ஆனாலும் பாதிக்கு மேல் பொரிக்கவில்லை. உடைத்துப் பார்த்தால் முழுக் குஞ்சு நீர்க்கோத்துச் செத்துக் கிடக்கிறது. (செம்பவாங், சிங்கப்பூர்)

அந்தத் தண்ணீர்த் தட்டைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். கையேட்டில் ஊற்றச் சொல்வது வறண்ட காற்றுக்கு. நம் ஊர்க் காற்று 28 டிகிரியில் 80 விழுக்காடு ஈரப்பதத்தோடு உள்ளே போகிறது, 37.5க்குச் சூடானதும் அதுவே ஏறத்தாழ 47 விழுக்காடு காட்டும். கோழி முட்டைக்கு முதல் 18 நாளும் 45 முதல் 55 போதும். பிறகு எதற்கு ஊற்றுகிறீர்கள்?

முட்டையிலிருந்து நீர் ஆவியாக வேண்டும். அப்போதுதான் மழுங்கிய முனையில் காற்றறை பெரிதாகும், குஞ்சு முதல் மூச்சு விட இடம் கிடைக்கும். சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள்: 50 கிராம் முட்டை 18ஆம் நாளில் 44 கிராமுக்கு இறங்கியிருக்க வேண்டும். கடைசி மூன்று நாளுக்கு மட்டும் தண்ணீர் ஊற்றி ஈரப்பதத்தை 65 விழுக்காட்டுக்கு மேல் ஏற்றுங்கள், முட்டையைத் திருப்புவதையும் நிறுத்துங்கள்.

நான் ஏர்கான் அறையில் வைத்திருக்கிறேனே?

அப்படியானால் கதை தலைகீழ். 24 டிகிரி, 60 விழுக்காடு காற்று உள்ளே 28 விழுக்காட்டுக்கு விழுந்துவிடும். நீங்கள் ஊற்றத்தான் வேண்டும்.

ஈரமானி சரியாகக் காட்டுகிறதா என்று எப்படித் தெரியும்?

நனைத்த உப்பு ஒரு மூடியில், பக்கத்தில் ஈரமானி, இரண்டையும் காற்றுப் புகாத பையில் இரவு முழுக்க வையுங்கள். 75 காட்ட வேண்டும். மலிவான கருவிகள் பத்துப் புள்ளி தள்ளிக் காட்டுவதும் உண்டு.

பேரங்காடி முட்டை பொரிக்குமா என்று அக்கா மகன் கேட்கிறான்.

சேவல் சேராத கோழி இட்டது, தம்பி. ஆம்லெட்டுக்குத்தான் ஆகும்.

முட்டையை எத்தனை நாள் சேர்த்து வைக்கலாம்?

ஒரு வாரம், 15 முதல் 18 டிகிரியில். வெளியே வைத்தால் நம் வெயிலில் கரு அரைகுறையாக வளர்ந்து செத்துவிடும்; ஃபிரிட்ஜ் குளிரும் ஆகாது. வெளியே எடுக்கும்போது மூடிய பெட்டியிலேயே சூடேற விடுங்கள். திறந்தால் ஓட்டில் வியர்த்து, கிருமி உள்ளே இறங்கும்.

ஓடு உடைந்து பத்து மணி நேரம், குஞ்சு வெளியே வரவில்லை. உரித்துவிடவா?

வேண்டாம்! மஞ்சள்கரு இன்னும் வயிற்றுக்குள் இழுபட்டுக்கொண்டிருக்கும். 24 மணி நேரம்கூட ஆகும். அடிக்கடி மூடியைத் திறந்தால் சவ்வு காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டிக்கொள்ளும்.

வீவக வீட்டில் (அரசு அடுக்குமாடி வீட்டில்) வளர்க்கலாமா?

கோழிக்கு அனுமதி இல்லை. தரைவீட்டில் (அடுக்குமாடி அல்லாத, நிலத்தோடு கூடிய வீட்டில்) 10 வரை. பொரிப்பதில் பாதி சேவலாக இருக்கும், அது விடியுமுன் கூவும்போது அண்டை வீட்டாருக்கு என்ன சொல்வீர்கள் என்று முட்டை வைக்குமுன் யோசியுங்கள்.