டாக்டர் பதில்கள்: பிள்ளை பெற்றவளின் மனச்சோர்வு

கேள்வி: என் மகளுக்குத் தலைப்பிரசவம் முடிந்து ஏழு வாரம் ஆகிறது, எங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். குழந்தையைக் கையில் கொடுத்தால் பால் கொடுப்பாள், மற்ற நேரமெல்லாம் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். சோறு இறங்கவில்லை. ராத்திரி குழந்தை தூங்கினாலும் இவள் தூங்குவதில்லை. பெண் குழந்தை என்று சம்பந்தி வீட்டில் முகம் சுளித்ததிலிருந்து ஒரே அழுகை. காத்து கருப்பு பட்டிருக்கும், மந்திரித்துப் பாருங்கள் என்கிறார்கள் அக்கம்பக்கத்தில். நான் மூன்று பெற்றவள், எனக்கு இப்படி எதுவும் வரவில்லை. தானாகச் சரியாகிவிடுமா?
- ஒரு தாய், கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மா, இனியும் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமில்லாமல் அழுகை வருவதும் எரிச்சல்படுவதும் பாதிக்கும் மேற்பட்ட தாய்மார்களுக்கு நடக்கிறது, இரண்டு வாரத்துக்குள் அது அடங்கிவிடும். அதைத் தாண்டியும் போகாவிட்டால் அது மனச்சோர்வு நோயாக இருக்க வாய்ப்பு அதிகம். குழந்தை அயர்ந்து தூங்கும்போதும் அம்மாவுக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்திய வரி அதுதான்.

உங்கள் மகள் மட்டும் இப்படி இல்லை. இந்தியாவில் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் 2017-இல் வந்த கட்டுரை, சுமார் 22 சதவீதத் தாய்மார்களுக்குப் பிரசவத்துக்குப் பின் மனச்சோர்வு இருப்பதாகக் கணக்கிட்டது. ஐந்தில் ஒருத்தி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலூர் மாவட்டக் கிராமங்களில் கர்ப்பிணிகளைக் கடைசி மூன்று மாதத்திலிருந்தே தொடர்ந்து கவனித்து 2002-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. குறைந்த வருமானம், ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனத்தாங்கல், கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இல்லாதது, இவையெல்லாம் நோயோடு சேர்ந்து வந்ததாக அதில் சொல்கிறார்கள். ஆக, சம்பந்தி வீட்டில் முகம் சுளித்தது சின்ன விஷயம் இல்லை. அதை மருமகன் தன் வீட்டில் பேசித்தான் ஆக வேண்டும், உங்கள் மகள் பொறுத்துக்கொண்டு போக வேண்டிய காரியம் அல்ல அது.

முதலில் பிரசவம் பார்த்த டாக்டரிடமே போகலாம். ரத்தச்சோகையும் தைராய்டும் இருக்கிறதா என்று பரிசோதிக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் பிரசவத்துக்குப் பின் தைராய்டு கோளாறு வந்தாலும் இதே சோர்வும் அழுகையும் வரும். பத்துக் கேள்விகள் கொண்ட எடின்பரோ அளவுகோல் என்று ஒரு படிவம் உண்டு, கடந்த ஏழு நாட்களாக மனது எப்படி இருந்தது என்று கேட்கும், தமிழிலும் இருக்கிறது, நிரப்பப் பத்து நிமிடம் போதும். அப்புறம் மனநல மருத்துவர். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கும், காசு கேட்க மாட்டார்கள். போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம், இலவசம்.

இன்று ராத்திரியே நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. ராத்திரியில் நாலு ஐந்து மணி நேரம் அவளை யாரும் எழுப்பக் கூடாது. பத்து மணிக்குப் பால் கொடுத்துவிட்டு அவள் வேறு அறையில் படுக்கட்டும், குழந்தை உங்களிடமோ மருமகனிடமோ இருக்கட்டும், இடையில் அழுதால் முன்பே பிழிந்து ஃபிரிட்ஜில் வைத்த பாலை மிதமாகச் சூடாக்கிப் பாலாடையில் புகட்டுங்கள். பச்சை உடம்புக்காரிக்குத் தூக்கம் கெட்டால் மனமும் சேர்ந்து கெடும். உடனே தூக்கம் வராவிட்டாலும் பரவாயில்லை, தன்னை யாரும் எழுப்பப் போவதில்லை என்ற நிம்மதியாவது இருக்கட்டும். பத்தியம் என்ற பெயரில் தண்ணீரையும் காய்கறியையும் குறைக்காதீர்கள். கயிறு கட்டினால் உங்கள் மனதுக்கு ஆறுதல் என்றால் கட்டிக்கொள்ளுங்கள், ஆனால் அதற்காக மருத்துவமனைக்குப் போவதை ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாது. பட்டினி போடுவது, புகை போடுவது, அடிப்பது இதெல்லாம் கூடவே கூடாது.

இன்னொன்று, மகளிடம் தனியாக உட்கார்ந்து, "சாகணும்னு தோணுதாம்மா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் இல்லாத நினைப்பு வந்துவிடும் என்று பயப்பட வேண்டாம், அப்படி வராது. ஆமாம் என்றால் அவளைத் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். "நான் மூன்று பெற்றேன்" என்பதை மட்டும் தயவுசெய்து அவள் காதுபடச் சொல்லாதீர்கள் அம்மா. நீங்கள் நல்லெண்ணத்தில்தான் சொல்வீர்கள், அவளுக்கு அது குற்றப்பத்திரிகை மாதிரிதான் கேட்கும்.

கேள்வி: எனக்கு வயது 27, குழந்தைக்கு நான்கு மாதம். மனச்சோர்வுக்கு மனநல டாக்டர் செர்ட்ராலின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குப் போய்விடும், மாத்திரையை விடு, இல்லாவிட்டால் பாலை நிறுத்து என்கிறார் என் அத்தை. பத்து நாள் சாப்பிட்டும் எந்த மாற்றமும் தெரியவில்லை, அதனால் நிறுத்திவிட்டேன். இது பழக்கமாகிவிடும் என்றும் பயமாக இருக்கிறது.
- வாசகி, மதுரை

பதில்: பாலையும் நிறுத்த வேண்டாம், மாத்திரையையும் நிறுத்த வேண்டாம். தாய்ப்பாலில் மிகக் குறைந்த அளவே கலக்கும் என்பதால்தான் பால் கொடுக்கும் தாய்மார்களுக்கு இந்த மருந்தை டாக்டர்கள் முதலில் யோசிக்கிறார்கள். குழந்தை குறைமாதத்தில் பிறந்திருந்தாலோ வேறு உடல்நலக் குறை இருந்தாலோ அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். குழந்தை வழக்கத்தைவிட அதிகமாகத் தூங்குகிறதா, சரியாகக் குடிக்கிறதா என்பதை மட்டும் கவனித்து வாருங்கள். நோயை வைத்தியம் பார்க்காமல் விட்டால் வரும் பாதிப்பையும் கணக்கில் வைக்க வேண்டும் அல்லவா, அம்மா சிரிப்பதும் பேசுவதும் குறைந்தால் அது பிள்ளையின் வளர்ச்சியையும் தொடும்.

பத்து நாளில் பலன் தெரியாதது இயல்புதான். இந்த வகை மருந்துகள் வேலையைத் தொடங்கவே இரண்டு வாரம் ஆகும், முழுப் பலனுக்கு நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும், முதல் சில நாள் குமட்டலோ வயிற்றுப்போக்கோ வந்து போகலாம். குணமான பிறகும் பொதுவாக ஆறு மாதமாவது தொடரச் சொல்வோம், இல்லையென்றால் திரும்பி வரும். போதைப் பொருள் மாதிரி அடிமையாக்கும் மருந்து இல்லை இது, ஆனால் திடீரென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல் எல்லாம் வரும் என்பதால் டாக்டர் சொல்லிச் சிறிது சிறிதாகத்தான் குறைக்க வேண்டும். நாளைக்கே உங்கள் டாக்டரிடம் பேசி மறுபடி எப்படித் தொடங்குவது என்று கேளுங்கள். அடுத்த முறை போகும்போது அத்தையையும் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் நூறு தடவை சொன்னாலும் கேட்காதவர் டாக்டர் ஒரு தடவை சொன்னால் கேட்பார்.

மாத்திரை மட்டுமே வழி என்றும் இல்லை. நோய் லேசாக இருந்தால் ஆலோசனைச் சிகிச்சை மட்டுமே போதுமானதாக இருக்கும். பாகிஸ்தானின் ராவல்பிண்டி பகுதிக் கிராமங்களில், மனநலப் படிப்பு எதுவும் இல்லாத சுகாதாரப் பணிப்பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து, அவர்களை வீடு வீடாக அனுப்பித் தாய்மார்களிடம் முறைப்படி பேச வைத்தார்கள். 2008-இல் வெளியான முடிவுப்படி, ஆறு மாதத்தில் அந்தத் தாய்மார்களிடம் மனச்சோர்வு மற்றவர்களோடு ஒப்பிட்டால் பாதிக்கும் கீழே போயிருந்தது. நம் ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியர்களுக்கும் இந்தப் பயிற்சி கிடைத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

கேள்வி: பிரசவமாகிப் பத்து நாள். மனைவி மூன்று ராத்திரியாகத் தூங்கவே இல்லை, ஆனால் களைப்பும் இல்லை, ஓயாமல் பேசுகிறாள். ஆஸ்பத்திரியில் பிள்ளையை மாற்றிவிட்டார்கள், இது நம் பிள்ளை இல்லை என்கிறாள். மனச்சோர்வா?
- ஒரு கணவர், சென்னை

பதில்: தம்பி, உங்களிடம் போனிலேயே பேசிவிட்டேன், இதே நிலையில் உள்ள மற்றவர்களுக்காக இங்கேயும் எழுதுகிறேன். இது மனச்சோர்வு இல்லை, ஆயிரம் பிரசவத்தில் ஒன்று இரண்டு பேருக்கு முதல் சில நாட்களில் வரும் தீவிர மனநோய். தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து உண்டு என்பதால் நாளை வரை பொறுக்காமல் அன்றைக்கே, தேவைப்பட்டால் 108-ஐ அழைத்து, மனநலப் பிரிவு உள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். வைத்தியம் பார்த்தால் பெரும்பாலானவர்கள் நன்றாகவே குணமாகிறார்கள். அதுவரை பிள்ளையை அவரோடு தனியாக விடக் கூடாது, அவர் சொல்வதை மறுத்து வாதாடவும் வேண்டாம். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் தாயையும் சேயையும் சேர்த்தே அனுமதித்துப் பார்க்கும் பிரிவு இருக்கிறது. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளையைச் சிகிச்சையில் உள்ள தாயிடமிருந்து சாதாரணமாகப் பிரிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டமும் சொல்கிறது, ஆபத்து இருக்கும்போது மட்டும்தான் தற்காலிகமாகப் பிரிக்கலாம்.

கேள்வி: மாடிப்படி இறங்கும்போதெல்லாம் குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ என்று காட்சி காட்சியாகத் தோன்றுகிறது. யாரிடமும் சொல்லவில்லை. நான் கெட்டவளா?
- பெயர் வேண்டாம்

பதில்: இல்லை. இப்படி நினைப்பு வந்து அதைக் கண்டு நீங்களே நடுங்குவது, புதுத் தாய்மார்கள் பலருக்கும் வருகிறது. அந்த நினைப்பு வேண்டாமே என்று தவிப்பவர்கள் அதன்படி நடந்துகொள்வது மிக அரிது. ஆனால் நாள் முழுக்க அது துரத்தினாலோ, அதற்குப் பயந்து குழந்தையைத் தொடாமல் ஒதுங்கினாலோ வைத்தியம் தேவை, வைத்தியமும் இருக்கிறது. செய்துவிட வேண்டும் என்று தோன்றினால், அல்லது செய்யச் சொல்லிக் குரல் கேட்டால், அன்றைக்கே போக வேண்டும். மனநல டாக்டரிடம் எனக்கு எழுதியது போலவே சொல்லுங்கள், அவர் இதற்கு முன் பலரிடம் கேட்டதுதான், பிள்ளையைப் பிடுங்கிக்கொள்ள மாட்டார்.

கேள்வி: முதல் பிரசவத்தில் மனச்சோர்வு வந்து மாத்திரையில் குணமானேன். இரண்டாவது பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா?
- வாசகி, திருச்சி

பதில்: தாராளமாக. ஒருமுறை வந்தவர்களுக்குத் திரும்ப வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதால், கருத்தரிக்கத் திட்டமிடும்போதே மனநல டாக்டரைப் பாருங்கள். மகப்பேறு டாக்டரிடம் முதல் நாளே பழைய சீட்டைக் காட்டிவிடுங்கள். பிரசவமான முதல் மாதம் ராத்திரியில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்பதை எட்டாம் மாதத்திலேயே வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவு செய்துகொள்ளுங்கள், உங்கள் கணவர் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கட்டும்.